சோப்பு எண்ணெய்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். சின்னவளின் காதுவலி ஒருவழியாகப் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய், தெரியும். அத்தான் வீட்டில் இருக்கிறாரா, வழக்கம்போல் லாரியும் ரோடுமாக இருக்கிறாரா?

போனில் பேசலாம்தான். ஆனால் இங்கே போன் இருப்பது பக்கத்து மர அறுவை ஆலையில். அந்த இரைச்சலில் நான் "சுகமா" என்றால் உனக்கு "எத்தனை அடி" என்று கேட்கும். உன் ஆபீஸிலோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அத்தனை டிரைவர்களும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் கடிதம்.

நல்ல செய்தி. கீழே சமவெளியில் இருக்கும் பெரிய குழாய் ஆலை நம் சரக்கை மாதாமாதம் வாங்க ஒப்புக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் பாட்டில் பாட்டிலாகக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவன், இனி டிரம் டிரம்மாக அனுப்ப வேண்டும். புதிதாக ஆட்களையும் சேர்த்துவிட்டேன். சிக்கல் லாரிதான். ஸ்டாண்டுக்கு நானே போய்ப் பேசினேன். ஒருத்தர் நாளைக்கு வருகிறேன் என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. இன்னொருத்தர் ஏற்றிக்கொண்டு போய், வழியில் வேறு நல்ல லோடு கிடைத்தது என்று என் டிரம்களை ஒரு பெட்டிக்கடை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கொள்முதல் அதிகாரி ஒருமுறை கத்திவிட்டார். இரண்டாம் முறை கத்த மாட்டார், ஒப்பந்தத்தைக் கிழிப்பார்.

வண்டிக்காரருக்கும் வியாபாரிக்கும் நடுவில் புரோக்கர் எதற்கு என்று ஒருகாலத்தில் உன்னிடமே கேட்டவன் நான். அந்த வாயை இப்போது நானே பொத்திக்கொள்கிறேன். மாதம் இரண்டு லோடு. நீதான் பார்த்துச் செய்ய வேண்டும். சரக்கு சோப்பு எண்ணெய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கால் வலி இருக்கிறது, படியும் இருக்கிறது, இரண்டும் என்னை விடுவதாக இல்லை. உன் அத்தான் போன வாரம் வந்தார், இரண்டு நாள் தூங்கினார், மறுபடி கிளம்பிவிட்டார். உன் வயிற்றெரிச்சலைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வாயைப் பொத்திக்கொண்டாயே, அதுவே எனக்குப் பெரிய கமிஷன். கேட்டதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. இரண்டு போன், ஒரு கரும்பலகை. எந்த வண்டி எங்கே காலியாக நிற்கிறது என்று அதில் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். உன் ஊரில் சரக்கு காத்திருக்கும். அதே நேரம் பக்கத்து ஊரில் ஒருவர் வெற்று வண்டியோடு, வீட்டுக்குத் திரும்ப ஏதாவது கிடைக்காதா என்று டீ மேல் டீயாகக் குடித்துக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. எனக்கு இரண்டு பேரையும் தெரியும். அவ்வளவுதான் வித்தை. வண்டியின் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, தார்ப்பாய் கிழிந்ததா, டிரைவர் பாதியில் இறக்கிவிட்டு ஓடுகிற ரகமா என்று பார்ப்பதும், வழியில் வண்டி நின்றால் ஆலைக்காரர் கத்துவதைக் காதில் வாங்கிக்கொள்வதும் என் வேலை.

உன் அத்தானுக்கு மட்டும் நான் லோடு கொடுப்பதில்லை. 'நல்ல லோடெல்லாம் புருஷனுக்குப் போகுது' என்று ஒரு டிரைவர் சொல்லிவிட்டால் என் பலகைக்கு மரியாதை இல்லை. அவரும் கேட்க மாட்டார். வேறு ஆபீஸ்களில்தான் எடுப்பார்.

இனி உன் விஷயம். மொத்த எடை எவ்வளவு? ஒன்றின்மேல் ஒன்று அடுக்கலாமா? உங்கள் வாசலில் பெரிய வண்டி திரும்புமா? ஆலையில் இறக்க ஆள் யார்? கடைசியாக, சோப்பு எண்ணெய் என்றால் என்ன எண்ணெய்? சரக்கு என்னவென்று சொல்லாமல் வண்டி கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்து கேட்கிற மாதிரி. விவரமாக எழுது. வண்டி தயார்.

சின்னவளுக்கு என் முத்தம்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். வயிற்றெரிச்சல் பரவாயில்லை, கொள்முதல் அதிகாரியின் முகம் மலர்ந்ததும் பாதி போய்விட்டது.

நீ அனுப்பிய வண்டி சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்து நின்றது. டிரைவர் தங்கமான மனிதர். கயிறு கட்டிய விதத்தைப் பார்த்து என் ஆட்களே வாயைப் பிளந்தார்கள். ஆலையிலிருந்து திரும்பும்போது அவருக்கு நீ குழாய் லோடு பிடித்துக் கொடுத்ததால் எனக்கும் வாடகை குறைந்தது என்று சொன்னார். ஒரே கல்லில் எத்தனை மாங்காய் அடிப்பாய்!

எடையையும் நாளையும் அன்றைக்கே போனில் கத்திச் சொன்னேன், மீதிக் கேள்விகளுக்குப் பதில் இதோ. டிரம்களை அடுக்கக் கூடாது. வாசலில் வண்டி திரும்பும். இறக்க ஆலையில் ஆள் உண்டு. சரக்கு, எழுதினேனே, சோப்பு எண்ணெய்தான். குழாய்களைத் துலக்குவதற்கு.

அடுத்த லோடு பதினைந்து நாளில். அத்தானுக்கு என் வணக்கம் சொல்.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

நேற்று நம் டிரைவர், தங்கமான மனிதர் என்று எழுதினாயே, அவர்தான், மாடியேறி வந்தார். உட்காரவில்லை. "அக்கா, கொஞ்சம் கீழ வாங்களேன்" என்றார். இறங்கிப் போனேன். வண்டியின் பின்பலகையைத் திறந்து காட்டினார். உன் இரண்டாவது லோடு நின்ற இடத்தில் மரப்பலகை மஞ்சளாகி, தொட்டால் உதிர்கிறது. கட்டிய கயிறு ஓரிடத்தில் அறுந்திருந்தது. கத்தி பட்டு அறுந்த மாதிரி இல்லை, கரைந்த மாதிரி. அவர் செருப்பின் அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது.

"சோப்பு எண்ணெய்னு சொன்னீங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

"யாரு?"

நான் பின்பலகையைச் சாத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தம்பி, நான் சண்டைக்கு எழுதவில்லை. அபாயமான சரக்கென்றால் அதற்கென்றே வண்டிகள் இருக்கின்றன. அதற்குப் பழகிய டிரைவர்கள் இருக்கிறார்கள். பர்மிட் வாங்க நாள் பிடிக்கும், வாடகை கூடும், ஊருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றையும் நான் முடித்துத் தருகிறேன். ஆனால் நீ வாயைத் திறந்தால்தான் முடியும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கனம் உன் மடியில். வழியில் போகிறவர் வேறொருவர். அவருக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்றாவது தெரிய வேண்டாமா?

டிரம்மில் என்ன இருக்கிறது?

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அதனால் பதில் தாமதம். உன் கால் வலிக்கு இங்கே ஒரு நல்ல தைலம் கிடைக்கிறது. யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

பலகை வீணானதற்கு வருந்துகிறேன். புதுப்பலகை போட்டுக் கொடுக்கச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். துலக்குகிற சரக்கென்றால் கொஞ்சம் காரம் இருக்கத்தான் செய்யும். மூடியை இன்னும் இறுக்கமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆலையில் ஒரு நாள் தாமதத்தையும் பொறுக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். என்னை நம்பிச் சேர்ந்தவர்களுக்குக் குழந்தை குட்டிகள் இருக்கின்றன. பதினான்காம் தேதி வண்டி வேண்டும்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? கஞ்சியாகவே கொடு. வெயிலில் விடாதே.

பதினான்காம் தேதி வண்டி இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் லோடை நான் ஏன் நிறுத்தினேன் என்று உன் அத்தான் கேட்டார். வாடகை ஒத்துவரவில்லை என்று சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தொழில் விஷயத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய். அவர் நம்பிவிட்டார். அதுதான் உறுத்துகிறது.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

அனைவரும் நலம். சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள். உன் உடம்பு எப்படி இருக்கிறதோ.

நீ கைவிட்டதால் என் தொழில் படுத்துவிடவில்லை என்பதைத் தெரியப்படுத்தவே எழுதுகிறேன். உன் தெருவிலேயே எதிர்மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறாரே, எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவர், அவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். அவர் கேட்பது எடை என்ன, நாள் என்ன என்ற இரண்டு கேள்விதான். மலை அடிவாரத்தில் அவருக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. என் சின்ன வண்டியில் டிரம்களை அங்கே இறக்கிவிடுவேன். அங்கிருந்து லோடு சீட்டு அவர் பெயரில் போகும். எந்த வண்டி, எந்த டிரைவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மூன்று லோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதே. டிரம்கள் ஆடாமல் இருக்க அடியிலும் இடையிலும் மரத்தூளைக் கனமாகப் பரப்பச் சொல்லியிருக்கிறேன். கசிந்தாலும் தூள் உறிஞ்சிக்கொள்ளும். பலகை கெடாது. பக்கத்திலேயே மர ஆலை இருப்பதால் தூளுக்குப் பஞ்சமில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, முதலில் விஷயத்தைப் படி.

அபாயச் சரக்கு ஓட்டியே தலை நரைத்த ஒரு டிரைவர் நேற்று ஆபீஸுக்கு வந்தார். பலகை உதிர்ந்ததை வைத்து அமிலம்தான் என்று ஊகித்து, யாருடையது என்று சொல்லாமல், "துலக்குற அமிலம் மரத்தூள்ல கசிஞ்சா என்னாகும் அண்ணே?" என்று கேட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த அமிலம்?"

"தெரியல."

"சிலதுன்னா ஒண்ணும் ஆகாது. சிலதுன்னா தூள் தானா சூடாகும், புகையும், எரியும். அந்தப் புகை இருக்கே, அப்ப ஒண்ணும் தெரியாதும்மா. தொண்டை லேசாக் கரகரங்கும். எந்திரிச்சு நடமாடுவான், சாப்பிடுவான். அப்புறம்தான் நெஞ்சுல வேலையக் காட்டும். எங்க ஆளு ஒருத்தர் அப்படித்தான் போனாரு. யாரும்மா தூள் போடறது?"

மரத்தூளை எடுத்துவிடு. கிடங்கில் இருப்பதையும் எடுக்கச் சொல். மர ஆலைக்குப் போன் செய்தேன், மழையில் கம்பி அறுந்துவிட்டது என்று எக்ஸ்சேஞ்சில் சொல்கிறார்கள். தந்தி கொடுத்தால் தபால் ஆபீஸே படிக்கும். எதிர்மாடிக்கு நேரே போய்ச் சொல்லலாமா என்று வாசல்வரை போனேன். போனால் உன் பெயரைச் சொல்ல வேண்டும், சரக்கின் பெயரையும் சொல்ல வேண்டும். தெரு முழுக்கத் தெரிந்துவிடும். திரும்பி வந்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்குச் சீக்கிரம் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

சின்னவள் சுகமா? உன் அத்தான் புதன்கிழமை கிளம்புகிறார். மழையில் பாலத்து வேலை நடப்பதால் ஒற்றை வழி, நெரிசல் என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்.

அக்கா


தந்தி. ஜூலை 9

டிரம்மில் என்ன. டிரைவர் ஆஸ்பத்திரியில். டாக்டர் கேட்கிறார். உடனே பதில். அக்கா.


தந்தி. ஜூலை 9

நைட்ரிக் அமிலம். அடர்த்தியானது. அடியில் மரத்தூள். டாக்டரிடம் இப்போதே சொல். தம்பி.


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த டிரைவர் எப்படி இருக்கிறார்? அதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

உன் தந்தி வந்தபோது கொள்முதல் அதிகாரி என் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். தந்தியை வாங்கிப் படித்தார். "சோப்பு எண்ணெய்னே பதில் குடுத்துடுங்க. சீட்டுல அதான இருக்கு? மாத்திச் சொன்னா நீங்களும் மாட்டுவீங்க, நாங்களும் மாட்டுவோம்" என்றார். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

தந்தி வந்தது காலையில். நான் பதில் கொடுத்தது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி. நடுவில் என்ன செய்தேன் என்று கேட்காதே.

தபால் ஆபீஸில் நல்ல கூட்டம். குமாஸ்தா தாளை வாங்கி, சொற்களை எண்ணுவதற்காக உரக்கப் படித்தார். 'நைட்ரிக் அமிலம்' என்றதும் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் என் லோடுமேன் ஒருவரும் நின்றிருந்தார். இத்தனை நாளாக அந்த டிரம்களை வெறும் கையால் உருட்டியவர். அவருக்கும் அப்போதுதான் தெரியும். தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை.

தந்திச் செய்தி பரவி, சாயங்காலமே தொழிற்சாலை ஆய்வாளர் வந்து வாசலைப் பூட்டிவிட்டார். விசாரணை முடியும்வரை நான் ஊரைவிட்டு நகரக் கூடாதாம். இல்லாவிட்டால் இந்நேரம் அங்கே இருப்பேன்.

மறுநாள்தான் உன் நாலாம் தேதிக் கடிதம் வந்தது. சாலை சரிந்து தபால் நின்றுகிடந்ததாம். கிடங்கில் மீதமிருந்த தூளை ஆய்வாளரிடம் சொல்லி அப்புறப்படுத்திவிட்டேன்.

அக்கா, அவர் யார்? எந்த ஊர்? பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர் மனைவியை நீ பார்த்திருப்பாய். நான் செய்ததுதான் என்று அந்த அம்மாவிடம் என் பெயரைச் சொல்லிவிடு. மறைக்காதே. திட்டினால் கேட்டுக்கொள். அது எனக்கு வர வேண்டியது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தான் ஊரில் இருந்தால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துக்கொண்டு போ.

தம்பி


ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

அவர் பிழைத்துவிட்டார். நீ கேட்டபடி முதலில் அதை எழுதிவிட்டேன்.

அவர் மனைவியிடம் உன் பெயரைச் சொல்லச் சொன்னாய். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உன் அத்தான் அன்று லோடு எடுத்தது எதிர்மாடியில். எப்போதும் அங்கே எடுக்க மாட்டார். அந்த வாரம் வேறெங்கும் லோடு அமையவில்லை. அடிவாரக் கிடங்கில் மழைக்கு நடுவே ஏற்றியிருக்கிறார்கள். விடிந்தும் விடியாமலும் ஆற்றுப் பாலத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ், இரண்டிலும் நிறைய ஜனம். கண்ணாடியில் பார்த்தால் தார்ப்பாய்க்குக் கீழே புகை. பனிமூட்டம் என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு மூக்கில் ஏறியிருக்கிறது. வரிசையை விட்டு வண்டியை ஒடித்து, பக்கத்தில் பழைய மண்பாதையில் இறக்கி, ஆற்றோரம் ஆளில்லாத மணல்வெளிவரைக்கும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். பின்னால் ஏறி, தார்ப்பாயை விலக்கி, சாய்ந்த டிரம்மை நிமிர்த்தப் பார்த்திருக்கிறார். சரக்கு ஒருவர் நம்பிக் கொடுத்தது இல்லையா, அதனால்.

போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போன பிறகு வேறொருவர் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தார். "ஒண்ணுமில்ல, புகை போயிடுச்சு, கொஞ்சம் இருமல்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். டிரம், கிடங்கு, மரத்தூள் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அது யார் சரக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாதித் தட்டில் எழுப்பி இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சின்ன வயது. பரிசோதித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கார். சாயந்திரம் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அமிலம் என்று சொன்னேன். "எந்த அமிலம்னு தெரிஞ்சா நான் என்ன பண்ணணும்னு தெரியும். சீட்டுல சோப்பு எண்ணெய்னு இருக்கே" என்றார். எதிர்மாடிக்காரரிடம் ஓடிப்போய் என்ன சரக்கென்று கேட்டேன், அவர் அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் கதவைச் சாத்தினார்.

நீ நடுவில் என்ன செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். தந்தித் தாளில் முதலில் 'அத்தான் ஆஸ்பத்திரியில்' என்று எழுதினேன். பிறகு 'அத்தான்' என்பதை அடித்துவிட்டு 'டிரைவர்' என்று எழுதினேன். அத்தான் என்று பார்த்தால் அடுத்த நிமிடமே நீ பதில் போடுவாய், எனக்குத் தெரியும். யாரோ ஒரு டிரைவர் என்றால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. உன்னைப் பரீட்சை பார்க்க அவர் மூச்சைப் பணயம் வைத்துவிட்டேன். பதில் வராத ஒவ்வொரு நிமிடமும் தந்தி ஆபீஸுக்குத் திரும்ப ஓடி, அந்தச் சொல்லை எழுதலாமா என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க போற, உக்காரு. ஒண்ணுமில்லங்கறேன்ல" என்றார்.

உன் பதில் வந்தது. டாக்டரம்மாவுக்குப் படித்த மாத்திரத்தில் முகம் மாறிவிட்டது. அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆக்சிஜனைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். விளக்குப் போடுகிற நேரத்தில், என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் ஒரு பேச்சுக்கு நடுவிலேயே நின்றார். மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலமாகிவிட்டது. எல்லாம் தயாராக இருந்ததால் பிழைத்தார். வீட்டில் இருந்திருந்தால் அவ்வளவுதான்.

இதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரைக் கொல்லப் பார்த்ததும் நீ, காப்பாற்றியதும் நீ. உன் பெயரைக் காப்பாற்ற எதிர்மாடி வாசலிலிருந்து திரும்பி வந்தவள் நான். வாடகை ஒத்துவரவில்லை என்று அவரிடம் பொய் சொன்னவளும் நான். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த டிரம்களைப் பார்த்ததுமே இறங்கியிருப்பார். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நீ இப்போது வராதே. உன்னைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

சின்னவளைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

படித்தேன்.

இரண்டு வாரமாகப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆலை ஒப்பந்தத்தை முறித்துவிட்டது. ஊரைவிட்டுப் போக அனுமதி கிடைத்திருக்கிறது. வரலாமா, கூடாதா என்று ஒரு வரி எழுது. நீ எழுதாமல் வர மாட்டேன்.

அத்தானுக்கு இருமல் எப்படி இருக்கிறது? உனக்குத் தூக்கம் வருகிறதா?

தம்பி


ஆகஸ்ட் 20

மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. என் கையெழுத்தை நீ பார்த்ததில்லை. லோடு சீட்டில் கையெழுத்துப் போடுவதற்குமேல் நான் பேனா பிடித்ததில்லை. பேசினால் இருமல் வருகிறது. அதனால் எழுத்தாளனாகிவிட்டேன். உன் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? சின்னவள் எந்த வகுப்பு?

என் நிலவரம் இதுதான். வீட்டுக்கு வந்தாயிற்று. பகலில் பரவாயில்லை. மாடியேற நடுவில் இரண்டு இடத்தில் நிற்கிறேன். உன் அக்காவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்கிறாள். நல்ல ஜோடி. மறுபடி ஸ்டியரிங் பிடிப்பேனா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். வண்டி தேறாது என்று மெக்கானிக் சொல்கிற 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா? வண்டியை ஆற்றுமணலிலிருந்து இழுத்து வந்துவிட்டார்கள். நிறுத்தி வைத்திருக்கிறேன். விற்கவில்லை.

உன் அக்கா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வாடகை ஒத்துவரவில்லை என்று சொன்னது பொய் என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேச முடியாதவன் பேசாமல் இருப்பதை அவள் கவனித்தாளா என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் நானே போய் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டேன். கடையை மூடப்போகிறேன் என்றாள். மூடாதே என்றேன். நீ மூடினால் தெருவில் மிச்சமிருப்பது சிரிக்கிறவன் மட்டும்தான் என்றேன்.

அவன் ஆள் அனுப்பினான். சரக்கு என்னவென்று டிரைவருக்குத் தெரியும் என்று நான் விசாரணையில் சொல்லிவிட்டால், புது வண்டிக்கு ஏற்பாடு செய்கிறானாம். வந்தவனை வாசலோடு அனுப்பிவிட்டேன். எனக்கு யாரும் சொல்லவில்லை என்றுதான் சொல்வேன். சரக்கை அனுப்பியவன் என் மச்சான் என்றும் சொல்வேன். கேட்டபோது உண்மையைச் சொன்னவனும் அவனே என்றும் சொல்வேன். இதில் எதையும் உனக்காகக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதற்குப் பிறகு உனக்கு என்ன வருமோ, அது வரட்டும்.

ஒன்று கேட்கிறேன். அந்த லோடுமேன் கைக்கு மருந்து போட்டாயா?

நீ வரலாமா என்று கேட்டு எழுதியிருந்தாய். வர வேண்டாம் என்று எழுதச் சொல்லி உன் அக்கா கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படியில் நிற்கிறாள். நான் வா என்று எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னைத் திட்ட வேண்டும், நிறையத் திட்ட வேண்டும். முன்பென்றால் இங்கிருந்து கத்தினாலே உன் மலைக்குக் கேட்டிருக்கும். இப்போது சத்தம் போட மூச்சில்லை. நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் காதில் விழும்.

அதனால் வா.

இப்படிக்கு,
அத்தான்